ஒத்துக்கு ஆள் இல்லாத கச்சேரி

பஸூன் என்ற மேல்நாட்டு வாத்தியத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஃபுளூட் வந்தபோது நம்மிடம் புல்லாங்குழல் தயாராக இருந்தது. வயலினைப் பிடில் என்று சொல்லி வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் காவிரிக்கரை வாத்தியமாகவே மாற்றிவிட்டார். பஸூனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இந்தக் குறை எனக்கு உறைத்தது 2021 ஏப்ரலில். பல இந்திய மொழிகளில் சுற்றுக்கு விடுவதற்காக ஒரு கலை அமைப்பு தன் நிகழ்ச்சிக் குறிப்பை அனுப்பியிருந்தது. தமிழ் என் பங்கு. அரைப் பக்கம்தான். தென் ஜெர்மனியில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் தனி பஸூன் கச்சேரி; நடனத்தில் பிறந்த இசை மட்டும்; பார்வையாளர் அனுமதி இல்லை; இன்டர்நெட்டில் நேரலை. அரைப் பக்கத்துக்கு அரை நாள் ஆயிற்று. 'பெருங்குழல்' என்று எழுதிப் பார்த்தேன். நாகஸ்வரத்தின் பழைய பெயரான பெருவங்கியத்தோடு குழம்பும் என்று அடித்தேன். 'தாழ்சுருதிக் குழல்' என்றால் பாடநூல் வாடை. ஜெர்மானியர்கள் இதை ஃபகோட் என்கிறார்கள், இத்தாலியர்கள் ஃபகோட்டோ என்கிறார்கள். விறகுக் கட்டு என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. 'விறகுக்கட்டுக் கச்சேரி' என்று போட்டால் தமிழில் யார் கேட்க வருவார்கள்? கடைசியில் பஸூன், பஸூனாகவே போயிற்று.

விறகுக் கட்டு என்பது சும்மா சொன்னதல்ல. கழற்றிப் போட்டால் நான்கு மரத்துண்டுகள், பெரும்பாலும் மேப்பிள் மரம். உள்ளே ஓடும் குழாயை நீட்டி அளந்தால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். அதை இரண்டாக மடித்து, அடியில் 'யு' போலத் திருப்பி, ஓர் ஆள் சாய்த்துப் பிடிக்கிற அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். இடது கை கட்டை விரலுக்கு மட்டும் எட்டு, ஒன்பது கீகள். மற்ற வாத்தியங்களில் சும்மா தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல் இதில்தான் அதிகம் பாடுபடுகிறது. வாசிப்பவர் முகத்தருகே ஒரு மெல்லிய உலோகக் குழாய் வளைந்து வரும். அதன் நுனியில் இரண்டு பட்டைகள் சேர்ந்த சீவாளி. ஆமாம், சீவாளியேதான். நாகஸ்வரத்துக்குப் போலவே இதற்கும் நாணல் இனத் தட்டையைச் சீவித்தான் செய்கிறார்கள். பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் பகுதியில் விளையும் நாணலுக்கு உலகெங்கும் மதிப்பு. பஸூன் கலைஞர்கள் பலர் தங்கள் சீவாளியைத் தாங்களே செதுக்கிக்கொள்கிறார்கள். வாசிக்கும் நேரத்தைவிடச் சீவும் நேரம் அதிகம் என்று அவர்கள் அலுத்துக்கொள்வது நம் நாகஸ்வரக்காரர்களுக்கு உடனே புரியும்.

ஆர்க்கெஸ்ட்ராவில் இந்த வாத்தியத்துக்குக் கிடைத்த வேடம் பெரும்பாலும் கோமாளி, இல்லாவிட்டால் கிழவர். 1897-ல் பால் டூக்கா எழுதிய 'மந்திரவாதியின் சீடன்' இசையில் துடைப்பம் உயிர்பெற்றுத் தண்ணீர் சுமக்கத் தொடங்கும் இடம் பஸூனுடையது. 1940-ல் வால்ட் டிஸ்னி அதை 'ஃபான்டேஸியா' படத்தில் மிக்கி மவுஸுக்குக் கொடுத்தார். குழந்தைகளுக்காக 1936-ல் புரோகோஃபியெவ் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' கதையில் முணுமுணுக்கும் தாத்தா பஸூன்தான். ஆனால், 1913 மே 29 அன்று பாரிஸில், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய நடனக் கலவரம் இதே வாத்தியத்தின் தனிக்குரலோடுதான் தொடங்கியது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' பாலேக்காகத் திரை விலகுமுன் பஸூன் தன் இயல்பான வீட்டை விட்டு உச்சஸ்தாயியில் ஏறி நின்று தனியாகப் பாடும். அது என்ன வாத்தியம் என்றே முதல் முறை கேட்பவருக்குப் பிடிபடாது. அதற்குப் பிறகு மேடையில் நிஜின்ஸ்கியின் ஆட்டமும் அரங்கில் கூச்சலும். அதெல்லாம் பலரும் எழுதிய கதை.

அங்கேயும் பஸூன் தொடங்கிவைத்ததோடு சரி. ஆடக் கூட்டம் இருந்தது, கூட வாசிக்க ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது. ஆடல் என்றால் கூட்டம்தான். எம்.ஏ. வகுப்பில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: மாதவி என்ற ஒரு பெண் மேடையேறுவதற்கு ஆடல் ஆசான், இசை ஆசான், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் என்று இளங்கோவடிகள் வரிசையாக ஆட்களை நிறுத்துகிறார். ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் வேறு. பின்னாளில் சதிர்க் கச்சேரியிலும் நட்டுவனார், மிருதங்கம், முகவீணை என்று பின்னால் ஒரு மேளமே நிற்கும். அந்த முகவீணையும் இரட்டைப் பட்டைச் சீவாளி வாத்தியம்தான். ஆகவே, 'தனி பஸூன்' என்பதும் 'நடன இசை' என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தது எனக்கு முரணாகப் பட்டது. தாளம் போட ஆளில்லை, ஆட ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை. எதற்காக இப்படி ஒரு கச்சேரி?

எதற்காக என்று நாம் யாரும் அந்த ஆண்டில் கேட்கத் தேவையே இருக்கவில்லை. மூச்சு ஆபத்தான பொருளாகிவிட்டிருந்தது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற பகுதியில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா தொற்றியதாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். சேர்ந்து பாடியதுதான் அவர்கள் செய்த காரியம். அதே வாரம் மார்ச் 12 அன்று பெர்லின் ஃபில்ஹார்மோனிக் காலி அரங்கில் சைமன் ராட்டில் தலைமையில் வாசித்து அதை இணையத்தில் இலவசமாக ஒளிபரப்பியது. பிறகு ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஆட்களைக் குறைத்தன, நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டன. வயலின்காரர் முகமூடியோடு வாசிக்கலாம். வாயால் ஊதுகிறவர் என்ன செய்வார்? அவரைத்தான் எல்லோரிலிருந்தும் தூரத்தில் உட்காரவைத்தார்கள். எனவே அந்த ஜெர்மானியர் தனியாக வாசிக்கத் தீர்மானித்ததில் கலைத் தத்துவம் எதுவும் இருந்திருக்காது. பியானோவுக்கு ஆள் வந்தால் இரண்டு பேர் ஆகிவிடும். அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டு நான் அதை மறந்தும்விட்டேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த நாட்களின் டில்லி பற்றி எழுதியாகிவிட்டது. நானே பக்கம் பக்கமாக மொழிபெயர்த்திருக்கிறேன். சொந்த வீட்டுக்கு வரும்போது நாலு வாக்கியம் போதும். அப்பாவுக்கு 76 வயது. இரண்டு ஆஸ்பத்திரிகளில் வாசலோடு திருப்பினார்கள், மூன்றாவதில் ஒரு பெஞ்சும் ஒரு சிலிண்டரும் கிடைத்தன, மறுநாள் கட்டில் கிடைத்தது. மே மாதம் முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்தார். கூடவே மூன்று பந்துகள் கொண்ட அந்தப் பிளாஸ்டிக் கருவியும் வந்தது. அதை இன்று தெரியாத குடும்பம் குறைவு. ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். வினாடிக்கு 600 மில்லி இழுத்தால் முதல் பந்து எழும்பும், 900 இழுத்தால் இரண்டாவது, 1200 இழுத்தால் மூன்றாவது. அப்பாவுக்கு முதல் பந்து எழுந்து நின்றது. இரண்டாவது தவித்தது. மூன்றாவதை நாங்கள் பார்ப்பதே இல்லை.

பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து தபால் இலாகாவில் காலம் தள்ளியவர் அவர். திருவிழாவில் விடிய விடிய நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த தலைமுறை. மூச்சு எண்ணும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. இரவில் தூக்கமும் வரவில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை இரவுதான், மே மாதத்து மூன்றாவது வாரத்தில், அந்த நேரலையின் அழைப்பு என் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தது. ஜெர்மனியில் மணி 8, இங்கே 11.30. அப்பாவின் கட்டில் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். வேறொன்றும் செய்வதற்கில்லை.

காலி பெஞ்சுகள். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாண்டு, ஒரு மனிதர். ஐம்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லி நாலு வார்த்தை ஜெர்மனில் பேசிவிட்டு, சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டார். முதலில் பாக். புல்லாங்குழலுக்காக எழுதிய ஏ மைனர் பார்ட்டிட்டா. அதைப் பஸூனில் வாசிப்பது வழக்கம்தான்.

மொழிபெயர்ப்பாளருக்குச் சுவையான சரக்கு இந்த பார்ட்டிட்டா. நான்கு பகுதிகள், நான்கும் நடனப் பெயர்கள். 'ஆலெமாந்த்' என்றால் பிரெஞ்சில் ஜெர்மானிய நடனம். 'கொரென்டே', ஓடுவது என்ற இத்தாலியச் சொல். 'ஸாரபாந்த்' ஸ்பானியர்களின் அமெரிக்கக் குடியேற்றங்களின் வழியே ஐரோப்பாவுக்கு வந்தது. ஆபாசம் என்று ஸ்பெயினில் 1583-ல் தடை போட்டார்கள். நூறாண்டில் அதுவே பிரெஞ்சு அரசவையில் மிக நிதானமான, கௌரவமான நடனமாகிவிட்டது. (ஆட்டத்தைத் தடை செய்து, பிறகு குளிப்பாட்டிச் சபைக்கு அழைத்துவருவது தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல.) கடைசியில் 'ஆங்கிலேயப் பூரே'. பூரே என்பதோ பிரெஞ்சு நடனம். ஆக, ஒரு ஜெர்மானியர் எழுதிய நாலு பக்கத்தில் எத்தனை எல்லைகள் கடந்திருக்கின்றன! பாக் கைக்கு வரும்போது அவை யார் காலுக்கும் உரியவையாக இல்லை. ஆடுவதற்காக அவர் எழுதவில்லை. நடையின் சாயல் மட்டும் மிச்சம்.

அந்த முதல் ஆலெமாந்த் ஊதுகிறவர்களிடையே பெயர் பெற்றது. தொடங்கினால் சிறு ஸ்வரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு விட இடமே வைக்கவில்லை. வில்லால் வாசிக்கிறவருக்குக் கவலையில்லை. ஊதுகிறவர் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டி, அந்த இடுக்கில் காற்றைத் திருடிக்கொள்ள வேண்டும். பெரிய அரங்கில் இந்தத் திருட்டு கேட்காது. இங்கே மைக் மிக அருகில் இருந்தது. அவர் மூச்சை இழுப்பது, சர்ரென்று, எங்கள் அறைக்குள் கேட்டது. உலோகக் கீகள் டக்டக்கென்று தட்டுவதும் கேட்டது. மென்பொருள் சில சமயம் வாத்தியத்தின் நீண்ட ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். அதை அணைத்துவைக்கப் பழகியிருந்தார் போலும். எதுவும் அமுங்கவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு நிமிடம் கழித்து, "ஏம்மா, ஒத்து ஊதக்கூட ஆள் இல்லையா அந்த மனுஷனுக்கு?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நாகஸ்வரத்தில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடருவார். இருவரும் நிறுத்தினாலும் ஒத்து நிற்காது. காற்று அறுவதே இல்லை. இவருக்கோ மூச்சு வாங்குகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. "இல்லப்பா, தனியாத்தான் வாசிக்கணும்" என்றேன். "இந்த வருஷம் நம்ம பக்கத்திலயும் திருவிழா கிடையாது. மேளக்காரங்கல்லாம் என்ன பண்றாங்களோ" என்றார் அவர். பிறகு, "கட்டைக் குழல், நல்லாத்தான் இருக்கு" என்றார். கட்டைக் குரல் என்போமே, அந்தக் கட்டை. அரை நாள் நான் அகராதிகளில் தேடிய சொல் இவர் வாயில் படுத்துக்கொண்டே வந்தது. குறிப்பு அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது.

ஒத்து இல்லை என்றாலும் ஒத்து கேட்கத்தான் செய்தது. இதை நான் கவித்துவமாகச் சொல்லவில்லை. பாக் ஒற்றை வரிசையில் எழுதும்போது கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே போய்விடுவார். கீழே தொட்டது காதில் நின்றுகொண்டே இருக்கும். அடுத்து அதைத் தொடும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நாம்தான். பஸூனின் உடலே இதற்கு உடந்தை. அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் வினாடிக்கு ஏறக்குறைய 58 அதிர்வுகள். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. எழுப்புவது அதற்கு மேலேயுள்ள கிளை ஒலிகளை மட்டும். அந்தக் கிளைகளிலிருந்து வேரை நம் மூளை ஊகித்துக்கொள்கிறது. கேட்காத ஸ்வரத்தைக் கேட்டதாக எண்ணிக்கொள்கிறோம். நேரில் கேட்டாலும் பஸூனின் அடி ஸ்வரங்களில் வேர் ஒலி மெலிவாகவும் கிளைகள் பலமாகவும்தான் இருக்கும். ஆகவே அன்று இரவு அங்கே இல்லாத பலவற்றையும் நாங்கள் நிரப்பிக்கொண்டுதான் இருந்தோம்: அடி ஸ்வரத்தை, துணை வாத்தியத்தை, ஆடும் கால்களை. நேரலை என்பது நிஜக் கச்சேரிக்கு ஏழை உறவு என்று சொல்பவர்களோடு நான் பொதுவாக ஒத்துப்போவேன். நாற்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவை லேப்டாப்பில் கேட்பது கல்யாண விருந்தைப் போட்டோவில் சாப்பிடுவது போலத்தான். ஆனால் இந்த இசைக்கு அது பொருந்தாது. கேட்பவர் பாதி வேலையைச் செய்தால்தான் இது இசையே ஆகிறது.

அடுத்து பியாஸொல்லாவின் டாங்கோ பயிற்சிகளில் ஒன்று. அதுவும் புல்லாங்குழலுக்கு எழுதியதுதான். எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான சாமர்த்தியமாகப் பட்டது. அப்பா தண்ணீர் கேட்டார்.

பிறகு பிரேசில். பிரான்சிஸ்கோ மிஞோனி என்ற இசையமைப்பாளரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. 1897-ல் சாவோ பாவ்லோவில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய புல்லாங்குழல் கலைஞரின் மகனாகப் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது தெரு இசைக் குழுக்களில் புல்லாங்குழல் வாசித்தார். ஜனரஞ்சகமான நடனப் பாட்டுகளைச் சொந்தப் பெயரில் வெளியிடக் கூச்சப்பட்டோ என்னவோ, 'சிக்கோ போரோரோ' என்ற புனைபெயரில் எழுதினார். பிறகு பெரிய மனிதரானார். ஸிம்ஃபொனி, ஓபரா எல்லாம் ஆயின. எண்பதைத் தாண்டிய வயதில், 1979-க்கும் 1981-க்கும் இடையில், தனி பஸூனுக்கு 16 வால்ட்ஸ்கள் எழுதினார். எல்லாம் நோயல் தெவோஸ் என்ற ஒருவருக்காக. தெவோஸ் பிரெஞ்சுக்காரர், 1952-ல் பிரேசிலுக்கு வாசிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட பஸூன் கலைஞர்.

தலைப்புகளைப் பாருங்கள். ஒன்றுக்கு 'வில்லா எழுதாமல் விட்ட அந்த மோதின்யா' என்று பெயர். வில்லா என்றால் பிரேசிலின் பேரிசையாளர் வில்லா-லோபோஸ். மோதின்யா என்பது உருகிப் பாடும் பழைய காதல் பாட்டு. செத்துப்போன பெரியவர் விட்டுப்போன பாட்டை நான் எழுதிவைக்கிறேன் என்கிறார் கிழவர். இன்னொன்று தன் நண்பர் மாரியோ தெ ஆந்த்ராதே 1928-ல் எழுதிய நாவலின் நாயகன் மகுனாய்மாவின் பெயரில். நாவல் அவனைக் 'குணமேதும் இல்லாத நாயகன்' என்கிறது. இவர் தன் இசையைக் 'குணமில்லாத வால்ட்ஸ்' என்கிறார். மற்றொன்று, 'தெவோஸ், உனக்கு நல்ல ஈஸ்டர்!' நோயல் என்றால் பிரெஞ்சில் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் என்று பெயர் கொண்டவருக்கு ஈஸ்டர் வாழ்த்து! இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? பொங்கல் என்று ஒரு நண்பர் இருந்து அவருக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பினால் உண்டு.

வால்ட்ஸ் என்பது ஒன்று இரண்டு மூன்று என்று திஸ்ரமாகச் சுழலும் ஜோடி நடனம். வழக்கமாக ஒன்றில் அடித்தளம் விழும், இரண்டும் மூன்றும் துணை வாத்தியத்துக்கு, அதன் மேலே பாட்டு. பிரேசில் தெருக்களில் கிட்டார்க்காரர்கள் பார்த்துக்கொண்ட வேலை அது. மிஞோனி அத்தனையையும் ஒரே குழலிடம் தந்துவிட்டார். பஸூன் கீழே இறங்கி 'ஒன்று' என்று தட்டிவிட்டு மேலே தாவிப் போய்ப் பாடுகிறது; மறுபடி இறங்குகிறது. இரண்டு பேர் ஆட வேண்டியதை ஒருவரே இரண்டு பேராகி ஆடுவது மாதிரி. நடுவில் தயங்குகிறது, எதையோ நினைத்துக்கொண்டது போல நிற்கிறது. அந்த நிற்கும் இடங்களில் மூச்சுக்கு நேரம் கிடைக்கிறது. ஊதுகிறவரின் நெஞ்சு என்ன தாங்கும் என்று ஒரு புல்லாங்குழல்காரர் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. எண்பது வயதில் தன் நெஞ்சைப் பற்றியும் தெரிந்திருக்கும்.

அப்பாவிடம் இது நடன இசை என்று நான் சொல்லியிருக்கவில்லை. போர்வைக்கு மேலே அவர் விரல் எண்ணிக்கொண்டிருந்தது. தவறாமல் மூன்று.

நான்கு வால்ட்ஸ்களோடு கச்சேரி முடிந்தது. கைதட்டல் இல்லை. வாசித்தவர் கேமராவை உடனே அணைக்கவில்லை. வாத்தியத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினார், அடித்துண்டைச் சாய்த்து உள்ளே சேர்ந்திருந்த நீரைக் கொட்டினார், ஒரு துணியை உள்ளே விட்டு மறுபக்கம் இழுத்தார். மேடையில் இதையெல்லாம் நாம் பார்ப்பதில்லை. திரையின் ஓரத்தில் நன்கொடைக்கு ஒரு சுட்டி இருந்தது. அந்த ஆண்டு அவருக்கு எத்தனை கச்சேரி போயிருக்கும் என்பதை அந்தச் சுட்டியே சொன்னது. பத்து யூரோ அனுப்ப என் வங்கி அட்டை மூன்று முறை மறுத்தது. மறுநாள் வெளிநாட்டில் உள்ள தோழியைப் பிடித்து அனுப்பவைத்தேன். இலவசமாகக் கேட்டுவிட்டு 'நேரலை கலையைக் கெடுக்கிறது' என்று கட்டுரை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பதிவு இரண்டு நாள் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அப்பா எண்பதை எட்டிவிட்டார். படியேறினால் இன்னும் வாங்குகிறது. எப்போதாவது, "அந்தக் கட்டைக் குழல்காரரைப் போடேன்" என்பார். அதே வால்ட்ஸ்கள் வேறு கலைஞர்கள் வாசித்ததாகப் பல பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. ஸ்டூடியோவில் சுத்தமாகப் பதிவு செய்த ஒன்றைச் சென்ற மாதம் போட்டேன். சொக்க வைக்கும் வாசிப்பு. அப்பா கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவர் எங்கம்மா மூச்சு விடறார்?"